சேட்டம்மாவுக்குச் சாமி வந்த மாலை

போன வாரம் ஒரு கல்யாண வரவேற்புக்காகக் கன்னியாகுமரியில் புதிதாக எழும்பியிருக்கும் பெரிய ஹோட்டலுக்குப் போயிருந்தேன். வாசலில் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மணிகள் கட்டிய வில்லுப்பாட்டு வில். தொடக்கூடாது என்று பலகை வேறு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கூட வந்த மருமகள் முறைத்தாள். நீங்கள் முறைக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சிக்குள் இருந்த காலம். கேப்பில், கன்னியாகுமரியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், ஒரு லாட்ஜில் எனக்கு வேலை. மானேஜர் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தோம். வெந்நீர் வாளி தூக்குவதும் அந்த மானேஜர்தான். வருகிறவர்கள் சூரியன் கடலில் விழுவதைப் பார்ப்பார்கள், காலையில் எழும்புவதைப் பார்ப்பார்கள், பஸ் ஏறிவிடுவார்கள். இரண்டாம் நாள் ஒரு குஞ்சும் தங்காது.

"இப்படியே போனா ஓணத்தோட கதவ அடைச்சிருவேன் வே," என்றார் முதலாளி.

தை மாதம் எனக்குக் கல்யாணம். வேலை போன மானேஜருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அந்தப் பயத்தில்தான் யோசனை பிறந்தது. சாயங்காலம் முற்றத்தில் வில்லுப்பாட்டு வைத்தால், கலை பார்க்கிற ஆசையில் ஒரு நாள் கூடுதலாகத் தங்க மாட்டார்களா?

"சாமி வராத கதையாப் பாடும்," என்று முதலாளி பாட்டுக்காரரிடம் சொன்னார்.

"அதுக்கு நீரு ஒரு ரேடியோ வாங்கணும்," என்றார் அவர்.

அன்று தங்கியிருந்தது ஒரு பம்பாய்ச் சேட்டும் அவர் மனைவியும். மதுரை, ராமேஸ்வரம், சுசீந்திரம் என்று அந்த அம்மாளை பஸ் பஸ்ஸாக இழுத்து வந்திருந்தார். விடிந்தால் திருவனந்தபுரம் பஸ். அம்மாளுக்குக் கால் இரண்டும் வீங்கி, நான் கொண்டுபோன வாளிக்குள் காலை விட்டபடியே பாட்டுக் கேட்டார்.

சாம்பிராணி போட்டு, உடுக்கை ஏறி, சுடலை மாடன் கதை சூடுபிடித்தது. சேட்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது அடுப்படியிலிருந்து ஒரு கூச்சல். எங்கள் சமையல்காரர் தாணு கரண்டியோடு ஆடிக்கொண்டே வந்தார். சொந்த ஊரில் அவர் சாமியாடி என்பதை நாங்கள் அடியோடு மறந்துபோயிருந்தோம். நேரே முதலாளி முன்னால் வந்து நின்றார்.

"ஏலே! எம்பிள்ளைய கொடைக்கு அனுப்புவியா, மாட்டியா?"

ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு லீவு கேட்டுத் தாணு ஒரு வாரமாக நடையாய் நடந்திருந்தார். முடியாது என்று விரட்டிய அதே முதலாளி, இப்போது தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

"அனுப்புதேன் சாமி, நாளைக்கே அனுப்புதேன்!"

கேட்டதைத் தருகிறேன் என்று சொல்லாமல் சாமி மலையேறாது. எங்கள் ஊரில் அதற்கு மேல் சட்டம் கிடையாது. சாமி மலையேறியதும் தாணு, குழம்பு அடிப்பிடித்துவிட்டதே என்று புலம்பிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார்.

சேட்டம்மா என்னைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். இந்திப் பரீட்சையில் நான் தோற்றவன். இருந்தாலும் விடுவேனா? சாமி கேட்டால் கொடுத்தே தீரவேண்டும், இல்லாவிட்டால் போகாது என்று கையையும் காலையும் ஆட்டி விளக்கினேன்.

"அச்சா?" என்றார். வாளியிலிருந்து மெல்லக் காலை எடுத்தார்.

பாட்டு மறுபடி ஏறியது. அம்மாள் எழுந்து கூந்தலை அவிழ்த்துவிட்டு ஆடினாரே பார்க்கவேண்டும்! சாமி இந்தியில் முழங்கியது. ஒன்றும் விளங்காத முதலாளி எதற்கும் இருக்கட்டும் என்று, "தாறோம் சாமி, எல்லாம் தாறோம்," என்றார். தாணு ஒரு வாழைக்குலையைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாமி குலையைத் தள்ளிவிட்டு, சேட்டின் கடிகாரத்தைக் காட்டித் தரையை ஓங்கி மிதித்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. "பஸ்ஸு வேண்டாமாம் முதலாளி! இங்கயே கெடக்கப் போவுதாம்!"

"நம்ம சாமில்லா அது!" என்று முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சேட்டு வியர்த்து விறுவிறுத்துக் கடிகாரத்தைக் கழற்றி அம்மாளின் காலடியில் வைத்து விழுந்து கும்பிட்டார். சாமி மலையேறியது.

அந்த மாதம் முழுக்க அவர்கள் எங்கள் லாட்ஜில்தான். வட்டக்கோட்டை மதில்மேல் அம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து நிலக்கடலை தின்பார். நான் குடை பிடிப்பேன். "எந்தச் சாமி அம்மா வந்தது?" என்று ஒருநாள் கேட்டேன். குலுங்கிச் சிரித்து என் கை நிறையக் கடலை கொடுத்தார். எனக்கு அவரை அவ்வளவு பிடித்திருந்தது. இந்தச் சங்கதி பரவி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஓணத்துக்குக் கதவு அடைபடவில்லை, தையில் எனக்குத் தாலி கட்டும் யோகமும் தப்பவில்லை.

லாட்ஜ் இடிந்து எத்தனையோ காலமாயிற்று. இப்போதும் புருஷனும் பெண்டாட்டியுமாக வேன் வேனாக வந்து இறங்குகிறார்கள். யாராவது ஒரு அம்மாள் மணலில் அப்பாடா என்று உட்காருவாள். டிரைவர் ஹாரன் அடிப்பான். அவள் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவாள், பாவம், சாமி வருவதற்குள்.