மார்ச்சில் பிரித்த வேலி

பொம்மையார்பாளையம் கடற்கரையில் ஆமை முட்டைகளைக் காக்கும் திட்டத்தில் நான் தற்காலிகக் கள உதவியாளன். மாநில அரசின் பணம். ஆமைகள் ஜனவரியிலேயே கரையேறத் தொடங்கிவிட்டன. பணம் ஆடி அசைந்து பிப்ரவரி கடைசியில் வந்தது. நாய்கள் தோண்டாமலிருக்கக் கம்பிவலை வாங்கி வேலி போட்டோம். ஊர் மீனவர் ஒருவர் காலையில் மணலில் தடம் பார்த்து, ஆமை முட்டையிட்ட இடத்தைக் காட்டுவார். முட்டைகளை வாளியில் எடுத்து வந்து வேலிக்குள் புதைப்பேன். மார்ச் முடிவதற்குள் பதினான்கு குழிகள் சேர்ந்தன.

அப்போது விழுப்புரத்திலிருந்து அதிகாரி போன் செய்தார். "ஸ்டாக் பார்க்க வர்றாங்க. திட்டத்துல வாங்கின சாமான் அத்தனையும் முப்பத்தொண்ணுக்குள்ள ஸ்டோர்ல இருக்கணும்."

"முட்டை இன்னும் பொரிக்கலையே சார்."

"திட்டம் மார்ச்சோட முடியுதுப்பா. ஏப்ரல்ல உன்னை மறுபடி எடுக்கணுமா, வேணாமா?"

"சரிங்க சார்" என்றேன். போனை வைத்த பிறகுதான் நாசமாய்ப் போக என்று திட்டினேன். என் வீரம் அவ்வளவுதான்.

வேலியைக் கழற்றும்போது மீனவர் ஓடி வந்தார். "இன்னா சார், வலையைப் பிரிச்சிக்கினு இருக்கீங்க?"

"ஆர்டர் வந்துடுச்சிண்ணா."

"இன்னும் பதினஞ்சு நாளு போனா குஞ்சு வந்துடும். ஆமைக்குத் தெரியுமா உங்க மார்ச்சு?"

நான் கம்பிவலையைச் சுருட்டினேன். அவரே நான்கு மூங்கில் நட்டு, தன் பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டினார். நாய்க்கு அதெல்லாம் ஒரு தடையா? தெரிந்தும் கம்பிவலையோடு விழுப்புரத்துக்கு வண்டி ஏறினேன்.

மூன்றாம் நாள் காலை போனால், மீன்வலை கிழிந்து கிடந்தது. பதினான்கு குழிகளையும் நாய்கள் தோண்டியிருந்தன. ஒரு முட்டைத் தோலில் பாதி வளர்ந்த குஞ்சு ஒட்டியிருந்தது. அதன் துடுப்பு என் சுண்டுவிரல் நகமளவுகூட இல்லை. மணலில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன்.

விழுப்புரத்தில் சாமான் எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு வேலையும் நீடித்தது.

அடுத்த ஜனவரியில் மீனவரிடம் போய் நின்றேன். "தடம் ஏதாவது பாத்தீங்களாண்ணா?"

"பாத்தேன். காட்ட மாட்டேன் சார். அதுங்க பாட்டுக்கு அங்கொண்ணு இங்கொண்ணா பொதைச்சி வெச்சிருந்திச்சி. நாமதான் ஒரே எடத்துல சேத்து நாய்க்குப் பந்தி வெச்சோம்."

சொல்லிவிட்டு நடந்தார். கொஞ்ச தூரம் போய், மணலில் எதையோ காலால் தேய்த்து அழித்தார். நான் எட்டிப் பார்க்கவில்லை.