காளை ரோட்டைப் பார்த்த திங்கட்கிழமை

பதினொரு வருடமாக எங்கள் பள்ளிப் பட்டறையில் பாடம் நடத்துகிற லோர்னா குபிசெக்கின் கைகள் இரண்டும் எப்போதும் ஏப்ரன் பைக்குள்தான் இருக்கும். பிள்ளைகள் செய்வதை அவள் தொட மாட்டாள். "நான் தொட்டா அது என்னுதாயிடும். என்னுது வீட்டுலயே நிறையக் கிடக்கு" என்பாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்கப் பிள்ளைகள் பைன் மரத்தில் மூன்று இறக்கைகளை இழைத்தார்கள். பழைய பிக்கப் வண்டியின் சக்கரக் குடத்தில் காந்தம் பதித்து, ஃபுட்பால் மைதானத்துக்குப் பின்னால் ஒரு காற்றாலையை நட்டார்கள். முதல் நாளே டிக்கெட் அறையில் இரண்டு பல்பு எரிந்தது. திங்கட்கிழமை பள்ளி வாரியம் வந்து பார்க்கும். அடுத்த வருடம் இந்த வகுப்பு உண்டா இல்லையா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

நெப்ராஸ்காவில் காற்றுக்கா பஞ்சம்? அந்தத் திங்கட்கிழமையும் தொப்பிகள் பறந்தன. இறக்கைகள் மட்டும் தூக்கக் கலக்கத்தில் சுற்றின. பல்பு எரியவில்லை.

"இத விட எங்க கிழட்டுக் கழுதை வேகமா சுத்தும், லோர்னா" என்றார் வாரியத் தலைவர் ஜீன், கையில் பாதி தின்ற கொலாச்சி பன், மீசையில் அதன் பிளம் ஜாம்.

லோர்னாவுக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. இறக்கைகளின் பின்பக்கம் பிள்ளைகள் வரைந்திருந்த பள்ளிச் சின்னம், காளை முகம், இப்போது ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. பள்ளிக் கண்காணிப்பாளர் டேல் அவள் காதோரம் வந்தார்.

"நேத்து நான்தான் கழட்டித் திருப்பி மாட்டினேன். காளை ரோட்டுக்குத் தெரிய வேண்டாமா?"

"பிள்ளைங்க அஞ்சு மாசம் இழைச்சிருக்குதுங்க, டேல். உனக்கு அது விளம்பரப் பலகையா?"

"மெதுவாப் பேசு. நீயே திருப்பிப் போட்டுடேன். பத்து நிமிஷ வேலை."

பத்து நிமிட வேலைதான். அதனால்தான் அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. பைக்குள் விரல்கள் இறுகின. பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"ஏன் எரியல? கண்டுபிடிங்க."

"இப்பவா பாடம்?" என்று பல்லைக் கடித்தார் டேல்.

"இப்பத்தான்."

வயரைப் பார்த்தார்கள், பல்பை மாற்றினார்கள். கால் மணி நேரம் போயிற்று. சோளம் விதைக்கிற நேரம் என்று முனகியபடி ஜீன் வண்டியை நோக்கி நடந்தார். லோர்னா குறுக்கே போய் நின்றாள்.

"நில்லு ஜீன். நீ விதைச்ச மறுநாளே அறுக்கறியா என்ன? இதுங்களுக்கும் கொஞ்சம் பொறு."

கம்பத்தடியில் அண்ணாந்து நின்ற மாணவி மரீசா திடீரென்று கத்தினாள்: "மிஸ்! மெல்லிசு ஓரம் முன்னால போகுது! தடிச்ச ஓரம்தானே காத்தக் கிழிக்கணும்? முன்பின்னா மாட்டியிருக்கு! எந்த முட்டாள் பண்ணான்?"

டேலின் காது மடல்கள் சிவந்ததை ஜீன் பார்த்துவிட்டார். அவருக்கு ஒரே சிரிப்பு.

பிள்ளைகளே கம்பத்தைச் சாய்த்து, போல்டுகளைக் கழற்றி, இறக்கைகளைத் திருப்பி மாட்டி நிமிர்த்தினார்கள். இரண்டு பல்பும் எரிந்தன. காளை வயலைப் பார்த்துக்கொண்டு விர்ரென்று சுழன்றது.

நாலுக்கு மூன்று ஓட்டில் வகுப்பு தப்பியது. டேல் சிரித்துக்கொண்டே வந்து கையை நீட்டினார். லோர்னா பையிலிருந்து கையை எடுக்கவில்லை.