மூன்றாவது மான்

வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் போலந்துக்காரர். வெள்ளைப் புருவம், இஸ்திரி கலையாத சட்டை. எந்தப் படத்தைக் கண்டாலும் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்பார். பல் டாக்டர் கிளினிக்கில் ஈறு நோய்ப் படத்தின் முன்னால்கூட அப்படி நின்றிருக்கிறார்.

எங்கள் கிருகப்பிரவேசத்துக்கு வந்தவர், ஹாலில் இருந்த படத்தின் முன் அதே போஸில் நின்றார். மலை, ஏரி, இரண்டு மான்கள். சோஃபா குஷனைக் கடைக்கே தூக்கிப்போய், கலர் வைத்துப் பார்த்து என் மனைவி தேர்ந்தெடுத்த மகத்தான கலைப்படைப்பு.

“லாண்ட்ஷாஃப்ட்,” என்றார். இயற்கைக் காட்சிக்குப் போலிஷ் மொழியில் பழைய சொல்லாம். அந்தக்கால ஓவியர்களும் நாவலாசிரியர்களும் மரியாதையாகச் சொன்னதாம்.

“இப்போது?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“இப்போது சோஃபாவுக்கு மேட்சாக வாங்கும் படத்தைத்தான் அப்படிச் சொல்வோம்,” என்றார் கனிவாக.

மனைவி முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள். “லாண்ட்ஷாஃப்ட், ஆன்ட்டி! போலிஷ் வேர்டாம், செம ஆன்டிக்!” என்று வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்த அத்தனை பேரிடமும் சொன்னாள். நான் திருத்தவில்லை. ஒரு நாளாவது எங்கள் வீட்டில் கலை இருந்துவிட்டுப் போகட்டும்.

போன மாதம் அவர் என்னைக் காபிக்குக் கூப்பிட்டார். அவர் சோஃபாவுக்கு மேலே அதே மலை, அதே ஏரி. மான் மட்டும் மூன்று.

“லாண்ட்ஷாஃப்ட்?” என்றேன், சந்தோஷத்தை அடக்க முடியாமல்.

அவர் முகம் சுருங்கியது. கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. “இல்லை. இது கிராயோப்ராஸ். நிஜமான இயற்கைக் காட்சிக்கு இன்று நாங்கள் சொல்லும் சொல்.”

அந்த மூன்றாவது மானிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.