கண் திறந்த ஜெபம்

குடலில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டதால் என் சாப்பாடு இப்போது பையில் வருகிறது. நெஞ்சில் வைத்த குழாய் வழியாக நேரே ரத்தத்துக்குள் போகும். ருசி கிடையாது, உப்பு குறைவென்று மனைவியிடம் சண்டை போடவும் வழியில்லை.

அந்தப் பையின் மேல் எனக்குத் தீராத ஆர்வம். உள்ளே மூன்று அறைகள். ஒன்றில் சர்க்கரைத் தண்ணீர், ஒன்றில் புரதம், ஒன்றில் பால்போல வெள்ளைக் கொழுப்பு. மேலிருந்து சுருட்டி அழுத்தினால் நடுத்தடுப்புகள் விட்டு, எல்லாம் ஒன்றாகும். கலக்காமல் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து என்று திருப்பதி ஆஸ்பத்திரி நர்ஸ் தெலுங்கிலும் தமிழிலும் என் மனைவியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஒரு சாயங்காலம், சித்தூர் வீட்டில் அவள் கை கழுவிப் பையை மேஜையில் வைத்த நேரம் பார்த்து எங்கள் சபைப் போதகர் வந்தார். நோயாளி வீட்டுக்கு வந்தால் ஜெபிக்காமல் போகமாட்டார். ஜெபம் என்றால் எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் யாரும் அசையமாட்டார்கள். அவள் கைவேலையை விட்டுவிட்டுக் கண்ணை மூடினாள்.

ஆமென் சொன்னதும் போதகர் கை குலுக்கிவிட்டுப் போனார். அவள் மறுபடி கை கழுவினாள், பையைக் கம்பியில் மாட்டினாள், குழாயின் கூர்முனையை எடுத்தாள். நான் வழக்கம்போலப் பையை வேடிக்கை பார்த்தேன். வெள்ளை ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம்.

"இந்தா, நில்லு. சோறு தனியா கொழம்பு தனியா கீதே?"

"இல்லியே, கலக்கிட்டேனே..." என்று நிமிர்ந்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டாவது வாட்டி கை கழுவினதும் எல்லாம் முடிச்சிட்டாப்பல தோணிப்போச்சு. உங்கள நானே கொன்னுருப்பேனே!"

"போதகர் ஐயா கையோட மோட்சத்துக்கும் அனுப்பி வச்சுட்டுப் போயிருப்பாரு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்து பையை இறக்கி, மேலிருந்து சுருட்டி அழுத்தினாள்.

மறுநாளிலிருந்து அவளே முறையை மாற்றினாள். நடுவில் யார் வந்து நின்றாலும் வேலை முதலிலிருந்து தொடங்கும். ஜெபம் பையை மாட்டிய பிறகு, குழாயைச் செருகும் முன். அதுவும் கண்ணைத் திறந்து, பையைப் பார்த்தபடி.

அடுத்த முறை வந்த போதகர், "கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார்.

"இதுக்கு மட்டும் மூட மாட்டோம் ஐயா" என்று அவள் நடந்ததைச் சொன்னாள். அவருக்கு முகமே மாறிவிட்டது.

பையைப் பார்த்தபடியே ஜெபித்தார். முடிக்கும் முன் நிறுத்தி, "எல்லாம் கலந்துக்கிச்சாம்மா?" என்று கேட்டார்.

"கலந்துக்கிச்சு ஐயா."

அதற்குப் பிறகே ஆமென் சொன்னார்.