தன் ஃபோல்டருக்குள் நுழைய முடியாதவள்

கொள்முதல் பிரிவுக்காரி, கோபம் வந்தால் தட்டைத் தூக்கி எறிகிற ரகமில்லை. பேச்சை நிறுத்திவிடுவாள், அவ்வளவுதான். அதே ஆபீஸில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் அவள் புருஷன், அவளுடைய அண்ணன் வீட்டில் எல்லார் முன்னாலும், "இவ ஃபோல்டரத் திறந்தா எதுவும் கைக்குக் கிடைக்காது, அவ்வளவு குப்பை" என்று சொல்லிச் சிரித்தான். வேண்டாத வேலை. மறுநாளே ஆபீஸ் தளத்தில் தன் பொறுப்பிலிருந்த கொள்முதல் ஃபோல்டரிலிருந்து அவன் பெயரைத் தூக்கிவிட்டாள். வீட்டிலும் மூச்சுவிடவில்லை. அவனும் வீம்புக்கு வாயைத் திறக்கவில்லை.

இன்று மதியத்துக்குள் விலை ஒப்பீட்டை அந்த ஃபோல்டரில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் வேலை பக்கத்து சீட்காரருக்குப் போய்விடும் என்று மேலாளர் கறாராகச் சொல்லியிருந்தார். அவளுடைய ஆபீஸ் கம்ப்யூட்டர் நேற்றே படுத்துவிட்டதால், வீட்டு லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தாள். ஃபோல்டரைத் திறந்தால், 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது தளம்.

என் ஃபோல்டருக்கு எனக்கே அனுமதி இல்லையா? மூடித் திறந்தாள். லேப்டாப்பையே அணைத்துப் போட்டாள். ஊஹூம். அவன் வேலைதான் இது, பழிவாங்குகிறான் மனுஷன். நேரில் போய்க் கேட்டால் முதலில் பேசினதாகிவிடுமே. திரையிலிருந்த 'அனுமதி கேட்கவும்' பட்டனை அமுக்கினாள். அது கம்ப்யூட்டர் பிரிவுக்குத்தான் போகும் என்பது அவள் கணக்கு.

உடனே அவள் கைபேசிக்கு ஒரு மெயில். புருஷன் பெயரைப் போட்டு, அவர் கொள்முதல் ஃபோல்டரைப் பார்க்க அனுமதி கேட்கிறார் என்றிருந்தது. அடடே, இறங்கி வந்துவிட்டானே! மனசு குளிர்ந்துபோயிற்று. ஆனாலும் கேட்டதும் கொடுத்தால் மரியாதை என்னாவது? மறுத்தாள்.

லேப்டாப்பில் 'உங்கள் கோரிக்கை மறுக்கப்பட்டது' என்று வந்தது. ஓகோ, பதிலுக்குப் பதிலா? மறுபடி கேட்டாள். மறுபடி அவன் கேட்டான். அவள் மறுக்க, அவனும் மறுத்தான். இப்படியே நாலைந்து தடவை நடந்தது. எரிச்சல் ஒரு பக்கம் இருந்தாலும், விடாமல் கேட்கிறானே பாவம் என்று உள்ளுக்குள் ஒரே குஷி.

மதியம் நெருங்கியது. பொறுத்துப் பார்த்த மேலாளர் கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஆளனுப்பினார். புருஷன் வந்தான். குனிந்து பார்த்து, திரையின் மூலையில் விரலை வைத்தான். அங்கே இருந்தது அவன் பெயர். வீட்டில் அவன் லாகின் பண்ணியது அப்படியே கிடந்திருக்கிறது. கோரிக்கையெல்லாம் ஃபோல்டர் யார் பொறுப்போ அவர்களுக்குத்தான் போகும் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஆகமொத்தம் அவன் பெயரில் கேட்டதும் அவள்தான், மறுத்ததும் அவள்தான்.

அவன் லாகவுட் செய்து லேப்டாப்பை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் தன் பெயரில் நுழைந்தாள், விலை ஒப்பீடும் ஏறிவிட்டது. பக்கத்து சீட்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார்.

வேலை தப்பித்தது. ஆனால் அவளுக்கு என்னவோ போலிருந்தது.

"அப்ப நீங்க கேக்கவே இல்லையா?" என்றாள். சொன்ன பிறகுதான், முதலில் பேசியது தான் என்பது உறைத்தது. போகட்டும்.



"கேட்டா நீ குடுக்க மாட்டேன்னு நினைச்சேன்" என்றான்.



"நீங்கதான் கேக்கறீங்கன்னு, காலையிலேர்ந்து எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா" என்றாள்.