தோல் தொப்பியும் மறந்துபோன பெயரும்

எண்பதுகளின் நடுவில் நான் பம்பாய் தாராவியில் ஒரு தோல் பட்டறையில் பை தைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் சந்து ஆட்களோடு கபடிதான்.

ஒருநாள் எதிராளியின் முழங்கால் பட்டு எங்களில் ஒருவனுக்குப் புருவம் கிழிந்தது. அதைப் பார்த்துப் பதறிய பட்டறை நண்பன், வெட்டிப்போட்ட தோல் துண்டுகளில் ஸ்பாஞ்ச் வைத்து எல்லோருக்கும் தொப்பி தைத்துத் தந்தான். மாட்டிக்கொண்டதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. முன்பெல்லாம் தலையை ஒதுக்கிக்கொண்டு கையால் காலைப் பிடிப்போம். இப்போது தலைதான் முதலில் பாய்ந்தது. கேட்டால், "தொப்பி இருக்குல்லா?" என்போம்.

என் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும். கபடி பாடி வந்தவனின் காலுக்கு ஒரு பக்கமிருந்து நான் பாய, மறுபக்கமிருந்து தொப்பி தைத்த நண்பன் பாய, இரண்டு தலையும் மோதின. அதன்பிறகு நடந்தது மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"ஏலே, நீ கட்டிக்கிடப்போற பிள்ளை பேரு என்னல?" என்று கேட்டிருக்கிறார்கள். நான் வெகுநேரம் யோசித்துவிட்டு, "யாருக்குல கல்யாணம்?" என்றேனாம். எல்லோரும் சிரித்தார்களாம். நான் வாந்தி எடுத்ததும்தான் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடியிருக்கிறார்கள். என் தலையில் ஒரு கீறல்கூட இல்லை. நண்பனுக்கும் லேசான கிறுகிறுப்போடு சரி. மறுநாள் எனக்கு எல்லாம் தெளிந்தது. ஆனால், இரண்டு பேருமே கொஞ்சநாள் ஆடக்கூடாது என்றுவிட்டார் டாக்டர்.

செய்தி செம்பூரிலிருந்த பெண்வீட்டுக்குப் போய், எனக்கு நிச்சயித்திருந்தவளே தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வந்ததும், "என் பேரைச் சொல்லுங்க பாப்போம்" என்றாள். சொன்னேன். மூச்சு விட்டாள். பிறகு தொப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது வாரதுக்கு முன்னாடி யாருக்காவது இப்படி நினைவு தப்பியிருக்கா?"

நானும் பக்கத்திலிருந்த நண்பனும் பழைய ஆட்டங்களை எண்ணிப் பார்த்தோம். ஒருவருக்கும் அப்படி ஆனதில்லை.

"தோலு கிழியாம இது காப்பாத்தும். ஆனா, இது இருக்குங்கிற தைரியத்துலதான தலையைக் கொண்டுபோய் முட்டுதீங்க?"

நண்பனுக்கு முகம் வாடிவிட்டது. இருந்தும் அன்று மாலையே எல்லாத் தொப்பிகளையும் அவனே வாங்கி மூட்டை கட்டிவிட்டான்.

அடுத்து மாதுங்காவில் ஒரு போட்டி. நாங்கள் இரண்டு பேரும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். வெறுந்தலையோடு இறங்கிய எங்கள் ஆட்கள் முதலில் தயங்கினார்கள். அப்புறம் பழைய கைப்பிடி தானாக வந்தது. கடைசிப் பிடியில் ஒருவன் கணுக்காலைப் பிடிக்க, மற்றவர்கள் கைகோத்து வளைத்துக்கொண்டார்கள். அத்தனை தலையும் பத்திரமாக ஒதுங்கியிருந்தது. ஜெயித்துவிட்டோம். பெண்கள் பக்கமிருந்து காதைப் பிளக்கும் ஒரு விசில். திரும்பினால், வாயில் இரண்டு விரலோடு நிற்கிறாள் எனக்கு வரப்போகும் மனைவி. பக்கத்தில் அவள் அண்ணன் திருதிருவென்று முழிக்கிறார். சிரித்துச் சிரித்து எனக்கு மறுபடியும் தலை சுற்றியது.

இன்றும் ஹெல்மெட் மாட்டாமல் நான் ஸ்கூட்டரை எடுப்பதில்லை. ஆனால், மாட்டிய பிறகு மனதுக்குள் எட்டிப்பார்க்கும் அந்தக் கூடுதல் தைரியத்தைத்தான் ரோட்டைவிட அதிகமாகக் கவனித்து ஓட்டுகிறேன்.