கூட்டக் குறிப்பில் ஒரு பெயர்

ஏரம்புவுக்கு வாக்குப்பெட்டிதான் சாமி. யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் இடதுசாரிக் கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டியவர். கட்சிக்காரர் மந்திரியானதும் தொழிலாளியை மறந்ததைக் கண்ணால் பார்த்தும் புத்தி தெளியாதவர். 1984இல் வளைகுடாவில், புஜைராவில் எண்ணெய்த் தாங்கி கட்டும் சைட்டில் டைம்கீப்பராக இருந்தார். "பாராளுமன்றத்துக்கு ஆளை அனுப்பினாத்தான் சட்டம் மாறும், தம்பி" என்பார்.

ராமநாதபுரத்து வெல்டர் வைரவன் விடமாட்டான். "அனுப்புன ஆளு அங்கனயே ஒக்காந்துக்குவாருண்ணே. வேலை செய்யிறவனே கூடி முடிவெடுக்கணும்."

அந்த மே மாதம் கேம்ப் தண்ணீரில் டீசல் நாறியது. ஒன்பது பேர் வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டார்கள். சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் மெஸ்கள் அங்கே பன்னிரண்டு. மெஸ்ஸுக்கு ஒருவராக வைரவன் கூட்டினான். நல்ல தண்ணீர் வரும்வரை யாரும் சைட் பஸ்ஸில் ஏறக் கூடாது என்றான். வேலைநிறுத்தம் என்றால் நேரே ஊருக்கு டிக்கெட்தான். அது எல்லாருக்கும் தெரியும். முதலில் மனுக் கொடுப்போம் என்றார் ஏரம்பு. கை தூக்கினார்கள். ஏழுக்கு ஐந்து, ஏரம்பு வென்றார்.

வென்ற கையோடு மனிதருக்குக் கட்சிப் பழக்கம் வந்துவிட்டது. கூட்டக் குறிப்பை ஆங்கிலத்தில் அழகாக எழுதினார்: முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஆதரவு, எதிர்ப்பு. எல்லாம் முறைப்படி நடந்ததென்று மேனேஜர் மதிக்கட்டும் என்று மனுவோடு அதையும் கொடுத்தார். படித்த மடையன் என்று இவரைத்தான் சொல்ல வேண்டும். மேனேஜர் மனுவைப் புரட்டிவிட்டு, குறிப்பில் ஒரு வரியில் விரலை வைத்தார். பஸ் ஏறக் கூடாது: முன்மொழிந்தவர் வைரவன்.

மறுநாள் காலை நல்ல தண்ணீர் லாரி வந்தது. பின்னாலேயே பிக்கப்பும் வந்தது. "கலாஸ்", முடிந்தது கதை என்று டிரைவர் வைரவனின் பெட்டியைத் தூக்கிப் போட்டு, அவனையும் ஏற்றினான்.

ஏரம்பு ஓடிவந்தார். பிக்கப்பின் முன்னால் மணலில் உட்கார்ந்தார்.

"தம்பியை இறக்குங்கோ! ஒருத்தரும் பஸ்ஸில ஏறாதேங்கோ!"

கேனோடு நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வைரவன் பக்கம் கை தூக்கிய நாகலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். "தண்ணிதான் வந்துருச்சேண்ணே."

பஸ் ஹாரன் அடித்தது. ஒவ்வொருவராக ஏறினார்கள். வைரவனோடு கை தூக்கிய நாலு பேரும் ஏறினார்கள்.

வைரவன் எட்டிப் பார்த்தான். "எந்திரிங்கண்ணே. உங்களயும் சேத்து அனுப்பிறப் போறாய்ங்க."

ஏரம்பு எழவில்லை. டிரைவர் இறங்கி வந்து பெயர் கேட்டான். தகப்பன் பெயரோடு சேர்த்து முழுப் பெயரையும் சொன்னார்.